குடும்பக் கணக்கு: ஐஸ் பெட்டிக்காகக் காப்பை அடகு வைக்கலாமா?



இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனையவை காத்திருக்கட்டும். நானுஓயாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"என் கணவர் பத்து வருடமாக மீன் வியாபாரம் செய்கிறார். சுபஹு தொழுததும் புறப்பட்டு, கொழும்பிலிருந்து வரும் லொறியில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்தாறு தோட்டங்களுக்குப் போவார். ரெஜிபோம் பெட்டி மூன்று மாதத்துக்கு ஒன்று உடைகிறது. போன மாதம் ஒரு லயத்தில் பலயா மீன் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது என்று பேச்சு வந்தது. அது இவர் கொடுத்த மீன்தானா என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து இவர் சரியாகத் தூங்குவதில்லை. கொழும்பில் ஒரு கடையில் வெளிநாட்டு ஐஸ் பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஐந்து நாளைக்கு ஐஸ் கரையாதாம். அதன் விலைக்கு ரெஜிபோம் பெட்டி இருபது வாங்கலாம். என் காப்பைக் கேட்கிறார். கொடுக்க மனமில்லாமல் இல்லை. அடகுக்குப் போன நகை எங்கள் வீட்டில் இதுவரை திரும்பி வந்ததில்லை. என்ன செய்வது?"

சகோதரி, உங்கள் கணவர் தூங்காமல் இருக்கிறார் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். தான் விற்ற பொருளை உண்டவருக்கு என்ன ஆனது என்று கவலைப்படும் வியாபாரி கிடைப்பது அல்லாஹ்வின் அருள். ஆகவே அவர் கேட்பது ஆடம்பரப் பொருள் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது. காப்பைக் கழற்றுவதற்கு முன் கணக்குப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஐஸ் பெட்டி எதுவும் குளிரை உண்டாக்குவதில்லை, அது எத்தனை விலை உயர்ந்ததானாலும் சரி. வெளியிலுள்ள சூடு உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்துவது ஒன்றே அதன் வேலை. குளிரைத் தருவது ஐஸ்தான். இது புதிய வித்தையும் அல்ல. 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 180 தொன் ஐஸ் ஏற்றிய கப்பலொன்று, இரு தடவை பூமத்திய ரேகையைக் கடந்து நான்கு மாதத்தில் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறக்குறைய 100 தொன் கரையாமல் எஞ்சியிருந்தது. ஐஸைச் சுற்றிப் போட்டிருந்தவை வெறும் சாதாரணப் பொருட்களே! அதே வியாபாரத்துக்காக 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட கிடங்கினால்தான் அந்தப் பகுதிக்கே 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர் வந்தது. ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்து விற்கும் வழக்கம் நம்மூரிலும் இருந்ததே. மரத்தூள் செய்ததையே ரெஜிபோம் செய்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றுத்தான். அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

வெளிநாட்டுப் பெட்டிகளில் அப்படி என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் இட்டுச் சூடாக்கிச் சுழற்றி, மூட்டு இல்லாத ஒரே ஓடாக வார்க்கிறார்கள். ஓட்டின் இரு சுவர்களுக்கு நடுவே பொலியூரித்தேன் நுரையை இரண்டு அங்குலம் வரை நிரப்புகிறார்கள். மூடியைச் சுற்றி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருப்பது போல ரப்பர் பட்டி. பெட்டியின் மேல் ஏறி நிற்கலாம், உடையாது. அமெரிக்காவில் மீன்பிடியில் பைத்தியமாயிருந்த இரு சகோதரர்கள் 2006-இல் தொடங்கிய 'யெட்டி' நிறுவனம்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. படகில் ஏறி நின்று தூண்டில் வீசும்போது சாதாரணப் பெட்டிகளின் மூடி உடைந்துவிடுகிறது என்பதுதான் அவர்களது குறை. அதற்கு முன், 1947-இல் தொடங்கிய 'இக்லூ' போன்றவர்களின் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டிகளே எங்கும் இருந்தன. நம் வீடுகளில் பலவற்றிலும் சுற்றுலாவுக்கென ஒன்று பரணில் கிடக்கும். யெட்டியைப் பார்த்து இன்று பல நாடுகளில் அதே மாதிரிப் பெட்டி செய்கிறார்கள். உங்கள் கணவர் பார்த்தது அவற்றில் ஒன்றாயிருக்கலாம்.

பொருள் நல்ல பொருள்தான். யாருக்கு நல்லது என்பதே கேள்வி.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது விழுங்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை 80 பாகை குறைப்பதற்குச் சமம். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 60 லீற்றர் பெட்டியொன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது கிலோ மீனும் அதே அளவு ஐஸும் கொள்ளும் பெட்டி அது. ஒரு அங்குலச் சுவருள்ள புதிய ரெஜிபோம் பெட்டியை, 30 பாகை சூடுள்ள நீர்கொழும்புக் கடற்கரையில் வைத்தால், சுவர் வழியாக வரும் சூட்டினால் மட்டும் ஒரு நாளில் ஏறக்குறைய 11 கிலோ ஐஸ் கரையும். இரண்டு அங்குலப் பொலியூரித்தேன் பெட்டியில் 4 கிலோவுக்குக் குறைவாகவே கரையும். ஐந்து நாளைக்கு என்றால் ஒன்றில் 50 கிலோவுக்கு மேல், மற்றதில் 20 கிலோவுக்குள். கடலில் தங்கும் படகுக்காரனுக்கு இது பெரிய வித்தியாசம். அவனுக்கு நடுக்கடலில் ஐஸ் விற்க யாரும் வரமாட்டார்கள்.

இப்போது அதே இரு பெட்டிகளையும் நானுஓயாவுக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் புகையிரத நிலையமே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நீர்கொழும்பில் 30 பாகை என்றால் உங்களூரில் 16, 17 பாகை. ஐஸுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே கரைவதும் பாதி. உங்கள் கணவர் காலை முதல் மாலை வரை எட்டு மணித்தியாலம் சுற்றுகிறார் என்று வைத்தால், ரெஜிபோம் பெட்டியின் சுவர் தின்னும் ஐஸ் இரண்டு கிலோ. வெளிநாட்டுப் பெட்டியின் சுவர் தின்பது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றேகால் கிலோ, கூடிப்போனால் ஒன்றரைக் கிலோ ஐஸ். மூடி திறந்து மூடுவது, வெயில், ஓட்டை எல்லாம் சேர்ந்து இது இரட்டிப்பானாலும் மூன்று கிலோ.

இந்த மூன்று கிலோ ஐஸுக்காகவா காப்பு?

இருபது பெட்டியின் விலை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று உடைந்தாலும் இருபது பெட்டி ஐந்து வருடத்துக்குக் காணும். வெளிநாட்டுப் பெட்டி ஐந்து வருடத்துக்கு மேலும் உழைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வருடப் பணத்தையும் இன்றே கொண்டுபோய் வைக்க வேண்டும், அதற்கு வட்டியும் கட்ட வேண்டும். இன்னொன்று, இந்த அளவுள்ள வெளிநாட்டுப் பெட்டி வெறுமையாகவே பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் இருக்கும். தோட்டப் பாதைகளில் மோட்டார் சைக்கிளின் பின்னால் அதைக் கட்டினால் பத்துக் கிலோ மீனைக் குறைத்தே ஏற்ற வேண்டிவரும். மழையில் கற்பாதையில் இறங்கும்போது பின்பாரம் எப்படி இழுக்கும் என்று அவருக்கே தெரியும்.

சரி, பிள்ளைகளுக்கு உடம்பு தடித்த விஷயத்துக்கு வருவோம். மற்றச் சகோதரிகளும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

பலயா, கெலவல்லா, கும்பளா, சாளை போன்ற சிவந்த சதையுள்ள மீன்களில் ஹிஸ்டிடின் என்றொரு பொருள் இயற்கையிலேயே அதிகம். மீன் பிடிபட்டபின் குளிரில்லாமல் கிடந்தால், அதிலுள்ள கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. அப்படிப்பட்ட மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், உடம்பு தடித்துச் சொறியும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு வாந்தி, வயிற்றோட்டம். பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் அடங்கிவிடும் என்றாலும், மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "இந்தப் பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லி நாம் பிள்ளையின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். பல வேளைகளில் குற்றம் பிள்ளையின் உடம்பில் இல்லை, மீனில்தான்.

பயப்பட வேண்டிய இடம் இதுதான்: ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் போகாது. கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, கொறுக்காப்புளி போட்டாலும் போகாது, மறுபடி ஐஸில் வைத்தாலும் போகாது. மீன் நாறவும் வேண்டியதில்லை, பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆகவே விலை உயர்ந்த பெட்டியாயினும், காலையில் லொறியில் வரும்போதே கெட்டிருந்த மீனை அது திருத்தப்போவதில்லை. பெட்டி காலத்தை நிறுத்திவைக்கப் பார்க்கும், பின்னால் திருப்பாது. நெடுநாள் படகுகள் மூன்று நான்கு வாரம் கடலில் நின்றுவிட்டு வருகின்றன. முதல் வாரம் பிடித்த மீன் அடியிலும் கடைசி நாள் பிடித்தது மேலேயும் இருக்கும். அது துறைமுகத்தில் இறங்கி, பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போய், இரவோடிரவாக லொறியில் மலையேறி உங்கள் கணவரின் கைக்கு வருகிறது. இந்த நீண்ட பயணத்தின் கடைசி எட்டு மணித்தியாலம்தான் அவருடைய பொறுப்பு. அந்த எட்டு மணித்தியாலத்தைச் சரியாகச் செய்ய வேண்டும். முந்தியதைக் கண் வைத்து வாங்க வேண்டும். செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, சிவந்த சதை மீன்களைக் கையால் தொட்டு, உள்ளே குளிர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். லொறியிலேயே ஐஸ் கரைந்து வெதுவெதுப்பாயிருக்கும் பலயாவை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். அன்றைக்கு வேறு மீனோடு திரும்பட்டும்.

வெதுவெதுப்பான மீனை எடுப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. 20 பாகையில் இருக்கும் இருபது கிலோ மீனைக் குளிரவைக்க மட்டும் நான்கு கிலோவுக்கு மேல் ஐஸ் செலவாகும். பெட்டியின் சுவர் நாள் முழுவதும் தின்பதைவிட அது இரண்டு மடங்கு! ஆக, ஐஸைத் தின்பது பெட்டியென்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் தின்பது மீனாக இருக்கிறது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். அவர் விற்பது பெட்டி.

இந்தச் சிறு வியாபாரிகள் செய்யும் பெரிய தவறு, ஐஸில் சிக்கனம் பிடிப்பது. வெப்ப நாடுகளில் மீனுக்குச் சம எடை ஐஸ் போடுவது என்பதுதான் மீன்துறையில் அறிந்தவர்கள் சொல்லும் அளவு. நம்மவர்கள் இருபது கிலோ மீனுக்கு நான்கைந்து கிலோ ஐஸை மேலே தூவிவிட்டுப் போகிறார்கள். முற்பகலுக்குள் அது கரைந்து, மீன் இரத்தத் தண்ணீரில் மிதக்கிறது. பழி ரெஜிபோம் பெட்டியின் தலையில். உங்களூர்க் குளிருக்குச் சம எடை தேவையில்லை என்றாலும், இருபது கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவாவது போடச் சொல்லுங்கள். ஐஸ் பெரிய கட்டியாக இருந்தால் அடித்துச் சிறிதாக்க வேண்டும். பெரிய கட்டி மீனை ஓரிடத்தில் மட்டுமே தொடும், கூர் முனை சதையையும் கிழிக்கும். அடியில் ஒரு படை ஐஸ், மேல் ஒரு படை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே கனமாக ஐஸ் வர வேண்டும். உருகிய குளிர்நீர் மேலிருந்து மீன்களைக் கழுவிக்கொண்டு இறங்கும். அது அடியில் தேங்காமல் வடிய ஒரு துளை, துளைக்கு ஒரு அடைப்பு. (குளிர்பானப் போத்தல்களென்றால் தண்ணீர் உள்ளேயே நிற்கட்டும், அது நல்லது. மீனுக்கு அப்படியல்ல.) வடியும் தண்ணீரைத் தோட்டத்துப் பீலிப் பக்கம் திறந்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். அந்தப் பீலித் தண்ணீரைத்தான் கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

பெட்டியை என்ன செய்வது? ரெஜிபோம் உடைவது அதன் பலவீனம். இரத்தமும் நாற்றமும் அதன் மணிகளுக்கிடையே ஊறிவிடுவது இன்னொரு பலவீனம். இந்த இரண்டிலும் வெளிநாட்டுப் பெட்டி மேலானது, அதன் வழவழப்பான உட்சுவரைக் குளோரின் கலந்த தண்ணீரால் கழுவிவிடலாம். ஆனால் மெல்லிய பலகையால் ஒரு கூடு அடித்து, அதற்குள் ரெஜிபோம் பெட்டியை இறுக்கமாக இறக்கி, உட்புறம் தடித்த பொலித்தீன் விரித்துவிட்டால் இரண்டு குறையும் பெருமளவு தீரும். பொலித்தீனை அன்றாடம் கழுவிக் காயவைத்து, கிழிந்தால் மாற்றலாம். கூட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் உடைந்த பழைய ரெஜிபோம் துண்டுகளைத் திணித்தால் சுவர் இரண்டு அங்குலமாகிவிடும். கரைவதும் பாதியாகக் குறையும். உடைந்த துண்டுகள் தேயிலைக் கான்களில் பறந்து கிடப்பதும் குறையும். மூடிதான் எல்லாப் பெட்டியிலும் ஓட்டை. அதன் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் கடையில் விற்கும் ரப்பர் பட்டியின் வேலையைப் பெரும்பாலும் செய்யும். மேலே ஈரச் சாக்கு ஒன்று. மலைநாட்டில் காற்று குளிர்ந்தாலும் வெயில் கடுமை, கறுப்புப் பொலித்தீனால் மட்டும் மூட வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழுதான ஆழ்குளிர்ப் பெட்டிகளின் உடலைப் பழைய பொருள் கடைகளில் வாங்கலாம். அதன் சுவருக்குள்ளும் பொலியூரித்தேன் நுரைதான் இருக்கிறது. குளிர்வாயு இறக்கி, இயந்திரம் கழற்றப்பட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. ஆனால் வீட்டில் வைத்து, ஐஸ் கட்டியைச் சேமிக்கவும் மறுநடைக்கான மீனை வைக்கவும் இதைப்போல் மலிவானது வேறில்லை. என்னைக் கேட்டால் கையிலிருக்கும் சொற்பப் பணத்தை முதலில் பலகைக் கூட்டிலும் அடுத்து இதிலும் போடுவேன்.

இனி ஒரு சங்கடமான விஷயம். ஐந்து நாள் ஐஸ் கரையாத பெட்டி யாருக்குத் தேவை? ஐந்து நாள் மீனை வைத்திருப்பவருக்கு. நெடுநாள் படகுக்காரருக்கும், இரண்டு மூன்று நாள் வள்ளத்தில் தங்குபவருக்கும், வெப்பமான ஊரில் ஐஸ் தொழிற்சாலைக்குத் தூரமாக இருப்பவருக்கும் அது தேவை. அப்படிப்பட்டவர் காப்பை விற்றேனும் வாங்கினால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் காலையில் எடுத்து மாலைக்குள் விற்றுத் தீர்க்கும் வியாபாரிக்கு ஐந்து நாள் குளிர் கையில் இருந்தால், மனம் எங்கே போகும்? மீந்ததை நாளைக்கு, நாளை மீந்ததை மறுநாளைக்கு என்று போகும். உங்கள் கணவர் அப்படிப்பட்டவரென்று சொல்லவில்லை. ஷைத்தான் நல்லவர்களிடம்தான் அதிகம் வேலை செய்வான்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவம் நாமெல்லோரும் அறிந்தது. மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னார். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதுதான் அவருக்குக் கிடைத்த கேள்வி. மீன் வியாபாரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஐஸுக்கு அடியில் கிடக்கும் நேற்றைய மீனை மேலே எடுத்து வைத்து, நேற்றையது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பது ஹலாலான வியாபாரம். ஆனால் அது சாளையாக, பலயாவாக இருந்து குளிர் விட்டுப்போயிருந்தால், சொல்லி விற்பதற்கும் வழியில்லை. வீசத்தான் வேண்டும். உண்ணத் தகாத உணவை விற்பது 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி நாட்டின் குற்றமுமாகும். கடல் மீன் அறுக்காமலே ஹலால், அது அல்லாஹ் நமக்குத் தந்த சலுகை. ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, தூய்மையாகவும் இருக்க வேண்டும்.

தோட்டத்து ஜனங்கள் உங்கள் கணவரை எப்படி நம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரும் அம்மா, "நானா, இன்னைக்கு மீனு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு வாங்குவார், செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார். சம்பள நாளில்தான் காசு, அதுவரை கொப்பியில் கணக்கு. அவர் மதம் வேறு, நம் மதம் வேறு. அந்த நம்பிக்கை அவர் நம்மிடம் வைத்த அமானிதம்.

அடகுக்கு வருகிறேன். அடகு வைப்பது மார்க்கத்தில் குற்றமல்ல. நபி (ஸல்) அவர்களின் இரும்புக் கவசமே உணவுக்காக ஒரு யூதரிடம் அடகிலிருந்தது, சில அறிவிப்புகளில் வாற்கோதுமை என்று வரும். குற்றம் வட்டியில் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் இடத்தில் மாதாமாதம் வட்டி கட்ட வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள். மூன்று கிலோ ஐஸை மிச்சப்படுத்தும் பெட்டிக்காக அந்தப் பாவத்தைச் சுமக்க என்ன அவசியம் இருக்கிறது? பலகைக் கூட்டுக்கும் பழைய ஆழ்குளிர்ப் பெட்டிக்கும் வேண்டிய தொகை சிறியது. உங்கள் ஜமாஅத்தில் கர்ழ் ஹஸனா, அதாவது வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் கேளுங்கள். ஊர்ப் பள்ளிவாசலில் இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் இருக்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. லொறிக்காரரிடம் நல்ல மீனுக்கு மறுத்துப் பேச வெட்கப்படாதவர், இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மற்றச் சகோதரிகளுக்காகவும் இரண்டொரு வார்த்தை. வீட்டுக்கொரு சிறிய ஐஸ் பெட்டி இருப்பது நல்லதுதான். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டில் பல இடங்களில் பாதையும் மின்சாரமும் இல்லாமல் நாட்கள் கழிந்தன. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஏற்றும் பெரியவர்கள் உள்ள வீடுகளில் அப்போது பட்ட பாடு சொல்லி மாளாது. அந்தத் தேவைக்கும் விலை உயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸில் நேரடியாகப் படாமல் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கக் கூடாது. பாவனையிலுள்ள குப்பியைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியில் வைக்கலாம், நானுஓயா போன்ற குளிர் ஊரில் அலமாரியே போதும். உங்கள் மருந்துக்கான கால அளவைப் பெட்டியிலுள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குர்பானி இறைச்சியைத் தூரத்து உறவுகளுக்கு அனுப்பும்போது, அறுத்த சூட்டோடு பெட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். சூட்டை வெளியே விடாத பெட்டி அந்தச் சூட்டையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். கொண்டுபோய்த் திறக்கும்போது நடுவிலுள்ள இறைச்சி வாடை பிடித்திருக்கும். பரப்பி வைத்து ஆறவிட்டு, அதன் பிறகே ஐஸோடு அடையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிரகரி வாவிக்குப் படகு ஏறப் போகிறவர்களுக்கு, பரணில் கிடக்கும் பழைய பெட்டியே தாராளம். உறையவைத்த இரண்டு தண்ணீர்ப் போத்தல் போதும், அந்தக் குளிரில் நேரம் போகப்போகப் பிள்ளைகள் குளிர்பானத்தை விட்டுவிட்டுத் தேநீர்தான் கேட்பார்கள்.

நானுஓயாச் சகோதரிக்குக் கடைசியாக ஒரு யோசனை. என் கணக்கை உங்கள் கணவர் நம்பத் தேவையில்லை. ஒரு நாள் காலை இருக்கிற பெட்டியிலேயே பன்னிரண்டு கிலோ ஐஸை நிறுத்துப் போடட்டும். வழக்கம்போல் எல்லாத் தோட்டங்களுக்கும் போய்வரட்டும். மாலையில் எஞ்சிய ஐஸை அதே தராசில் நிறுக்கட்டும். அடுத்த வாரம் பலகைக் கூடும் டியூபும் ஈரச் சாக்கும் போட்டு அதேபோல் ஒரு நாள். இரண்டு நாளிலும் காலையில் மீனைத் தொட்டுப் பார்க்கும்போது குளிர்ந்திருந்ததா, இல்லையா என்பதையும் கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், இன்ஷா அல்லாஹ் இதே பகுதியில் வெளியிடுவோம். அதுவரை காப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.